சமையலறை வாசலில் ஒரு சிவப்பு வயர்

கதவு திறந்திருக்கும்போது லிஃப்ட் ஏன் நகர்வதில்லை என்று யாராவது கேட்டால் மெக்கானிக்கின் முகம் மலர்ந்துவிடும். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். ஒவ்வொரு மாடியிலும் கதவுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்குள் ஒரு சின்னத் தகடு. கதவு முழுக்க மூடினால்தான் அந்தத் தகடு தன் ஜோடியைத் தொடும். எல்லா மாடித் தகடுகளும் ஒரே வரிசையில், கைகோத்து நிற்கும் பிள்ளைகளைப் போல இணைந்திருக்கும். முதல் பிள்ளையின் கையில் புறப்படும் மின்சாரம் கடைசிப் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்ந்தால் லிஃப்ட் கிளம்பும். நடுவில் ஒரே ஒரு கை விட்டாலும், நின்ற இடத்தில் நிற்கும்.

பழுது பார்க்கும்போது மட்டும் ஒரு பிள்ளையை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அந்த இடைவெளியில் ஒரு வயரைப் போட வேண்டியிருக்கும். அதற்கு ஜம்பர் என்று பெயர். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால், கதவு ஆவென்று திறந்து கிடக்கும், லிஃப்ட் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே தொழிலில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. வயர் நல்ல சிவப்பாக, வேண்டுமென்றே தேவைக்கு மேல் நீளமாக இருக்க வேண்டும். கன்ட்ரோல் பெட்டியை மூடப்போனால் மூடியில் மாட்டிக்கொண்டு வெளியே நாக்கை நீட்ட வேண்டும். அடுத்தது, போட்டவர்தான் அதை எடுக்க வேண்டும். பக்கத்தில் மேலதிகாரியே நின்றாலும் அவர் கை அதில் படக்கூடாது.

இப்படிப்பட்ட மனிதர்தான் போன வருடம் லிஃப்ட் குழிக்குள் இறங்கும் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தார். தலையில் ஹெல்மெட் இருந்தது. தாடைக்குக் கீழே வார் மாட்டியிருக்கவில்லை. விழும்போது ஹெல்மெட் ஒரு பக்கம் போயிற்று, தலை ஒரு பக்கம் போயிற்று.

நினைவில்லாமல் கிடந்த நாட்கள், தலையில் திறந்து மூடிய அறுவை, நடக்கப் பழகியது, ஸ்பூன் பிடிக்கப் பழகியது எல்லாம் ஒருவழியாகத் தாண்டியாயிற்று. இப்போது பார்க்கிறவர்களுக்கு அவரிடம் ஒரு குறையும் தெரியாது. முடி வளர்ந்து தழும்பை மூடிவிட்டது. "நல்லாத்தானே இருக்கீங்க, எப்ப வேலைக்கு?" என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே தன் தலைக்குள் நடப்பதை விளக்குவார்.

"லிஃப்ட் பெட்டிக்கு அடியில ஒரு கேபிள் தொங்கும், பாத்திருக்க மாட்டீங்க. பெட்டி கூடவே மேல கீழ போகும். உள்ள நூறு சின்னக் கம்பி. அது திடீர்னு வெட்டி இழுத்துச்சுன்னா வெளித்தோல் அப்படியே இருக்கும், உள்ள சில கம்பி மட்டும் அத்துப்போகும். மோட்டார் நல்லா இருக்கு, பட்டன் நல்லா இருக்கு. ஆனா பட்டன் அழுத்துனது சில நேரம் மோட்டாருக்குப் போய்ச் சேராது. என் மண்டையும் அப்படித்தான்."

அவருக்குப் பயிற்சி கொடுத்த தெரபிஸ்ட் அம்மாவும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருந்தார். மூளை இளகிய வெண்ணெய் மாதிரி. மண்டை சடக்கென்று நின்றாலும் உள்ளே வெண்ணெய் ஒருமுறை குலுங்கி, முறுக்கிக்கொள்ளும். நீளமான நரம்பு இழைகள்தான் அதில் அடிவாங்கும். மூக்குக்கு வரும் இழைகளின் கதை இன்னும் பாவம். அவை சல்லடை போன்ற ஓர் எலும்பின் பொடித் துளைகள் வழியாகக் கீழே இறங்குகின்றன. மூளை நகர்ந்தால் அந்தச் சல்லடையே அவற்றைக் கத்தரித்துவிடும். அதனால் மெக்கானிக்குக்கு இப்போது எந்த வாசனையும் தெரியாது. கருகுவதும் தெரியாது, மல்லிகையும் தெரியாது. "குப்பை கொட்டுற வேலைய எனக்கே குடுத்துரு" என்று மனைவியிடம் சொல்லி அந்த உத்தியோகத்தைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

பெரிய தொல்லை வேறு ஒன்று. ஒரு வேலையைத் தொடங்குவார். நடுவில் யாராவது கூப்பிட்டால், அந்த வேலை இருந்த இடமே மனதில் வழித்துத் துடைத்ததுபோல ஆகிவிடும். குழாயைத் திறந்தவர் பால்கனியில் நின்று கிளி பார்த்துக்கொண்டிருப்பார். கைபேசியில் அலாரம் வைத்துப் பார்த்தார்கள். அலாரம் அடிக்கும், அணைப்பார், எதற்காக அடித்தது என்று கைபேசியையே சந்தேகமாகப் பார்ப்பார். இதனால்தான் மனைவி இந்த ஒரு வருடமாக வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள்.

அவள் வேலை பல் கட்டுவது. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பாரிஸ் சாந்து கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு செய்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, பிடிப்புக்கு மெல்லிய கம்பி வளைத்துப் போட்டு, தேய்த்து மெருகேற்றிக் கொடுக்கும் கூடம் ஒன்றில் மூத்த கை அவள்தான். தெருவில் யாராவது சிரித்தால், அது சொந்தப் பல்லா வாங்கின பல்லா என்று பார்வையிலேயே சொல்லிவிடுவாள். இப்போது அவள் இடத்தில் தற்காலிகமாக வந்த பெண் கல்யாணமாகிப் போகிறாள். கூடத்து முதலாளியம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: திங்கள்கிழமை வருகிறாயா, இல்லை வேறு ஆளை நிரந்தரமாகப் போடட்டுமா?

"வரேன்னு சொல்லிடு" என்றார் மெக்கானிக்.

"உங்களை யார் பாத்துக்கறது?"

"நான்தான்."

"குழாயத் திறந்துட்டு கிளி பாக்கற நீங்களா?"

அன்று மாலை மனைவியின் தம்பி வந்தான். அவனும் லிஃப்ட் மெக்கானிக். இவரிடம்தான் வேலை பழகினான். மெக்கானிக் அவனிடம் ரகசியக் குரலில், "மாப்ளே, பழைய ஜம்பர் வயர் இருந்தா ஒரு கட்டு கொண்டா" என்றார்.

"எதுக்கு மாமா? வீட்டுல லிஃப்ட் வைக்கப் போறீங்களா?"

"கொண்டாடா, சொல்றேன்."

அவர் செய்தது இதுதான். சமையலறை வாசலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கொக்கி அடித்தார். அடுப்பைப் பற்றவைக்கும் முன், சிவப்பு வயரைக் கொக்கியிலிருந்து கொக்கிக்கு நெஞ்சு உயரத்தில் மாட்டிவிடுவார். அடுப்பை அணைத்த பிறகுதான் வயரை எடுப்பார். எடுத்ததும் அது கால்சட்டையின் இடது பைக்குள் போகும். வயர் மாட்டியிருக்கும்போது குனியாமல் சமையலறையை விட்டு வெளியே வர முடியாது. கூடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் அது கண்ணில் குத்தும். தலைக்குள் வைக்க முடியாததை வாசலில் மாட்டிவைத்தால் ஆயிற்று. குளியலறைக்கு ஒரு வயர், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு ஒரு வயர்.

"வீடா இது, கொடி கட்டின மொட்டைமாடியா?" என்று மனைவி முணுமுணுத்தாள். குனிந்து குனிந்து அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனாலும் குழாய் வழிவது நின்றுபோனதை அவளும் கவனித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. போட்டவன்தான் எடுக்கணும்."

"சரி சரி."

"என்ன சரி? திருப்பிச் சொல்லு."

"போட்டவன்தான் எடுக்கணும். பள்ளிக்கூடமா நடத்தறீங்க?"

வெள்ளிக்கிழமை ஒத்திகை என்று முடிவாயிற்று. காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை அவர் தனியாக இருப்பார். அவள் மேல்மாடியில், தான் அக்கா என்று கூப்பிடும் பெண்ணின் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒழுங்காக முடிந்தால் திங்கள்கிழமை அவள் வேலைக்குப் போவாள். இல்லாவிட்டால் முதலாளியம்மாவுக்குக் கையை விரித்துவிட வேண்டியதுதான்.

அன்று எல்லாம் அழகாகத்தான் தொடங்கியது. துணியைப் போட்டார், வயரை மாட்டினார். துணி முடிந்தது, வயரை எடுத்தார், பையில் வைத்தார். பிறகு சமையலறை வாசலில் வயரை மாட்டி, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி முட்டைகளைப் போட்டு, மூடி, அடுப்பைச் சிறியதாக எரியவிட்டார். வயருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தபோது அழைப்பு மணி அடித்தது.

கீழ்வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற தபால்காரர், சத்தத்துக்குப் பயந்த மனிதர். "சார், லிஃப்ட்டு கீழ் மாடிகிட்ட வரும்போது கிர்ருனு ஒரு சத்தம் போடுது. அறுந்து கிறுந்து விழுந்துடுமா?"

அதற்குமேல் மெக்கானிக்கைப் பிடித்து நிறுத்த யாரால் முடியும்? "அறுந்து விழாது சார், ஒரு கயிறு இல்ல, பல கயிறு இருக்கு. வாங்க, கேட்டுப் பாப்போம்" என்று அவரையும் அழைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினார். மேலே போனார்கள், கீழே போனார்கள். காதைச் சுவரில் வைத்துக் கேட்டார். கதவு ஓடும் பள்ளத்தில் ஒரு மணல் பரல் சிக்கியிருந்தது. அதைச் சாவிமுனையால் நெம்பி எடுத்து, தபால்காரரின் உள்ளங்கையில் வைத்தார். "இதுதான் சார் அந்தப் பூதம்."

வீட்டுக்குத் திரும்பியபோது தலை கனத்தது. கொஞ்சம் அதிகமாகப் பேசினாலே இப்போதெல்லாம் அப்படித்தான். பழைய பேட்டரிபோலச் சட்டென்று இறங்கிவிடும். கூடத்தில் நின்று சமையலறை வாசலைப் பார்த்தார். வயர் இல்லை. வயர் இல்லை என்றால் வேலை பாக்கி இல்லை. நிம்மதியாகச் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினார்.

தண்ணீர் வற்றிய பாத்திரத்தில் முட்டையைச் சூடேற்றினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் ஓட்டின்மேல் முட்டும். ஓடு தாங்குகிற வரை தாங்கும். பிறகு வெடிக்கும். முதல் முட்டை மூடியைத் தூக்கி எறிந்தது. இரண்டாவது கூரையைத் தொட்டது.

சத்தம் கேட்டு மேல்மாடியிலிருந்து மனைவி ஓடிவந்தபோது வீடெல்லாம் புகை. அவர் சோபாவுக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார், எங்கே போவது என்று தெரியாதவர்போல. அவள் அடுப்பை அணைத்தாள், ஜன்னலைத் திறந்தாள், கரிந்த பாத்திரத்தைத் தொட்டியில் போட்டாள். கூரையிலிருந்து மஞ்சள் கரு ஒரு துண்டு அவள் தோளில் விழுந்தது.

"பரவாயில்லைங்க" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மருத்துவமனையில் அவர் ஸ்பூனைக் கீழே போடும்போதெல்லாம் அவள் சொன்ன அதே "பரவாயில்லைங்க". நோயாளியிடம் பேசும் குரல்.

"முதலாளியம்மாகிட்ட சாயங்காலம் பேசிக்கறேன்" என்றாள் அவள், கூரையைப் பார்க்காமல், அவரையும் பார்க்காமல்.

மதியம் அவர் படுத்தே கிடந்தார். தூக்கம் வரவில்லை. வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில், 'என்னால் ஆகாது' என்ற நினைப்பு வந்து நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இன்றும் வந்தது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே, பல வருடத் தொழிலின் பழக்கத்தால், இன்னொரு நினைப்பும் வந்து உட்கார்ந்தது. லிஃப்ட் நின்றுவிட்டால் மெக்கானிக் "போச்சே" என்று தலையில் கை வைப்பதில்லை. வரிசையின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு தகடாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வருவான். எங்கே மின்சாரம் இருக்கிறது, எங்கே இல்லை. இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவில்தான் பழுது.

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

அடுப்பு எரிந்தது, ஆகவே வயர் மாட்டியிருந்தேன். மாட்டாமல் பற்றவைப்பதில்லை. குனிந்தது முதுகுக்கு ஞாபகம் இருக்கிறது. திரும்பி வந்தபோது வயர் இல்லை. நான் எடுத்திருந்தால் அது இப்போது எங்கே இருக்கும்?

இடது பையில் கை விட்டார். துணி இயந்திரத்தின் வயர் மட்டும் இருந்தது. வலது பையில் சாவி. சட்டைப்பை காலி.

சாயங்காலம் மச்சினன் வந்து கூரையை அண்ணாந்து பார்த்தான். "என்ன மாமா, மேல்வீட்டுக்காரங்களுக்கும் சேத்து ஆம்லெட் போட்டீங்களா?"

"டேய், சும்மா இரு" என்றாள் அவன் அக்கா. அவள் கையில் கைபேசி இருந்தது. முதலாளியம்மாவை அழைக்கப் பால்கனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் நில்லு" என்றார் மெக்கானிக். "மாப்ளே, சமையல்கட்டு வயரக் காணோம். தேடு."

"அத விடுங்களேன் இப்ப" என்றாள் அவள்.

"விட மாட்டேன். பழுது எங்கன்னு தெரியாம மூடியப் போடற வழக்கம் எங்ககிட்ட இல்ல."

கொக்கியில் இல்லை, தரையில் இல்லை, குப்பையில் இல்லை. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து இழுப்பறையை மச்சினன் இழுத்தான். கத்தரிக்கோலுக்கும் மெழுகுவத்திக்கும் நடுவில் சிவப்பு வயர், சின்னதாகச் சுற்றி, வாலை நடுவில் செருகி, பொட்டலம்போலப் படுத்திருந்தது.

மெக்கானிக் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் காலையில் மணல் பரலைப் பார்த்தபோது இருந்த வெளிச்சம்.

"மாப்ளே, நான் வயரை எப்படிச் சுத்துவேன்?"

"பெரிய வளையமா, கையில விட்டு விட்டு. முடிச்சுப் போட மாட்டீங்க. முடிச்சுப் போட்டா உள்ள கம்பி ஒடியும்னு என் மண்டையில குட்டியிருக்கீங்க."

"இது?"

"இது ரெண்டு விரல்ல சுத்தினது." மச்சினன் வயரைப் பார்த்தான், தன் அக்காவைப் பார்த்தான். "பல்லுக்குக் கம்பி போடறவங்க சுத்தற சுத்து."

"என்னை என்னடா பாக்கறே? நான் மேல்வீட்டுல இருந்தேன். நான் தொடவே இல்ல."

"கீழ வரவே இல்லையா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"வரலையே. மேல்வீட்டு அக்கா ரவிக்கைக்குக் கொக்கி தைக்கக் குடுத்தாங்க, ஊசியில நூல் நுழையல, கண்ணாடி..." அவள் நிறுத்தினாள். கை தானாக வாய்க்குப் போயிற்று. "ஐயோ. கண்ணாடி."

கண்ணாடி ஃபிரிட்ஜின்மேல் இருந்தது. எடுக்க வந்திருக்கிறாள். வாசல் திறந்து கிடந்தது, வீட்டில் ஆள் இல்லை. லிஃப்டின் பக்கமிருந்து கணவரின் குரல் உற்சாகமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தாள். சமையலறை வாசலில் வயர் மார்பில் இடித்தது. ஒரு கை அதைக் கழற்றியது, விரல்கள் சுற்றின, இழுப்பறை திறந்து மூடியது. எல்லாவற்றையும் கை செய்தது. மனசு கண்ணாடியிலேயே இருந்தது. நல்ல வெயில் நேரம். சின்ன நீலச் சுடர் கண்ணில் படவில்லை.

"நான் எடுத்ததே எனக்கு ஞாபகம் இல்லைங்க" என்றாள் அவள், நம்ப முடியாமல். "சத்தியமா இல்ல. தொடலைன்னு அடிச்சுச் சொன்னேனே!"

"தலையில அடிபட்டது மாமாவுக்கா உனக்கா?" என்றான் தம்பி. "எங்க வேலைக்கு வந்திருந்தா இன்னைக்கே உன் கணக்க முடிச்சு அனுப்பியிருப்பாங்க."

அவள் தோளில் கிடந்த துணியால் அவனை அடித்தாள். அடித்துக்கொண்டே சிரித்தாள். சிரிக்கத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை; கண்ணீர் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி கூரையைப் பார்த்து மறுபடி சிரித்தாள். மெக்கானிக் இத்தனை நாளில் அவள் இப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார்: "என் மேலயும் தப்பு இருக்கு. அடுப்ப எரியவிட்டு வாசலைத் தாண்டிப் போயிருக்கக் கூடாது. தபால்காரர் கேட்டதும் லிஃப்ட்டு ஆசை இழுத்துட்டுப் போயிருச்சு."

"நான் எடுக்காம இருந்திருந்தா?"

"வந்து பாத்திருப்பேன். வயர் தொங்கும். உள்ள போயிருப்பேன். முட்டை கொஞ்சம் கெட்டியா வெந்திருக்கும், அவ்வளவுதான்."

அவள் வாசலில் காலியாக இருந்த கொக்கிகளைப் பார்த்தாள். "அப்ப உங்க ஏற்பாடு வேலை செய்யுது."

"செய்யுது."

"நான்தான் அதைக் கெடுத்தேன்."

"மேலதிகாரியே நின்னாலும் தொடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"அதிகாரி நான்னு இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே" என்றாள் அவள்.

அப்புறமும் அவள் உடனே சரியென்று சொல்லிவிடவில்லை. வாசல் கதவுக்கும் ஒரு கொக்கி வேண்டும் என்றாள். அடுப்பு எரியும்போது அங்கேயும் ஒரு வயர் விழ வேண்டும், யார் வந்து எந்த லிஃப்ட் கதை கேட்டாலும். தபால்காரரிடமும் மேல்வீட்டு அக்காவிடமும் வயரைப் பற்றி அவளே போய்ச் சொல்வாளாம். மெக்கானிக் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மச்சினன் துளை போடும் இயந்திரத்தை எடுத்து வந்தான். சுவரில் அது இரைந்தபோது அவர் காதைப் பொத்திக்கொண்டு படுக்கையறைக்குள் போய்விட்டார். அந்தச் சத்தம் இன்னும் அவர் தலைக்கு ஆகாது. கதவு மூடியிருந்தாலும், அவள் பால்கனியில் நின்று முதலாளியம்மாவிடம், "வரேன்மா. ஆமா, திங்கக்கிழமைதான். என் மேசைய யாரும் தொடாம இருந்தாச் சரி" என்று சொல்வது இரைச்சலின் இடைவெளியில் கேட்டது.

திங்கள்கிழமை அவர் காலையில் கொஞ்சம் தூங்கினார், முட்டை அவித்தார், அவித்த முட்டையைச் சாப்பிட்டார். எதன் பெயரோ ஞாபகம் வராமல் அரைமணி தவித்தார். வடிகட்டி என்று பிறகு தானாகவே வந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவ மறந்துவிட்டார். அதற்கு யாரும் வயர் மாட்டுவதில்லை.

சாயங்காலம் அவள் வந்தாள், விரல் நகங்களில் பாரிஸ் சாந்தின் வெள்ளை ஒட்டியிருக்க. பையை வைக்கும் முன்பே பேச்சு ஆரம்பித்துவிட்டது. யாரோ ஒரு பெரியவர், தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து, அதில் இருப்பதுபோலவே முன்பல் கொஞ்சம் கோணலாகத்தான் வேண்டும், நேராக வைத்தால் தன் மனைவிக்கு ஆளே தெரியாது என்று அடம்பிடித்தாராம். கோணலாகப் பல் நடுவது நேராக நடுவதைவிட எவ்வளவு கஷ்டம் என்று அவள் கையை வைத்துக் காட்டி விளக்கினாள். மேல்பல் கீழ்ப்பல்லின்மேல் எங்கே உட்கார வேண்டும், மெல்லும்போது எங்கே ஆடும், எங்கே ஒரு பொட்டு மெழுகு வைத்துத் தாங்கலாம். இந்த ஒரு வருடமாக இந்த வீட்டில் விளக்கம் சொல்கிறவர் ஒருவர்தான் இருந்தார். இன்று அவர் சோபாவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் களைப்பில் கண் செருகியது. ஆனால் கதையை விட மனமில்லை.

"நாளைக்கு இதை மறுபடி சொல்லு" என்றார். "பாதி மறந்திருப்பேன்."

"மறக்கலைன்னாலும் சொல்லுவேன்" என்றாள் அவள். காலை மடித்து உட்கார்ந்துகொண்டு, பெரியவரின் மனைவி வந்து மெழுகில் நட்டுக் காட்டிய அந்தப் பல்லைப் பார்த்து என்ன சொன்னாள் என்பதற்குப் போனாள்.